மாதுங்காவுக்குக் காற்று வந்த கதை

1896இல் மும்பை மாண்டவியில் பிளேக் தோன்றியது. தானியக் கிடங்குகள் நிறைந்த இடம். தானியம் விற்றுப் பிழைத்த எனக்கு எலியைப் பற்றி யாரும் சொல்லவேண்டியதில்லை. ஆனால் அன்றைய அதிகாரிகள் குற்றம் சாட்டியது சால்களின் இருட்டறைகளையும் அடைபட்ட காற்றையும். 1898இல் அமைந்த நகர மேம்பாட்டு டிரஸ்டு, காற்று புக வேண்டுமென்று நெருக்கமான வீடுகளை இடித்துத் தெருப் போட்டது. இடிபட்டவர்களில் பலர் பக்கத்துச் சால்களில் இன்னும் நெருக்கிக்கொண்டார்கள் என்பது வேறு கதை. அதே ஆண்டில்தான், நோயைப் பரப்புவது எலித்தெள்ளு என்று சிமோன் என்ற பிரெஞ்சு மருத்துவர் காட்டினார்; உலகம் ஏற்கப் பல வருஷம் ஆயிற்று.

காரணம் தப்பு, காரியம் நல்லது என்பேன். டிரஸ்டு வைத்த 63½ பாகை விதி எங்கள் வியாபாரக் கணக்குப்போல எளிது: எதிர்க்கட்டடம் இரண்டு பங்கு உயரமானால், நடுவே ஒரு பங்கு வெட்டவெளி. நம்மவர் வந்து குடியேறிய தாதர்-மாதுங்கா மனைகள் டிரஸ்டு பிரித்தவையே.

அப்படியொரு வீட்டின் பால்கனியை, ஏ.சி. வாங்கிய கையோடு நானே கண்ணாடி போட்டு அடைத்தேன். பொழுது சாயுமுன் உண்கிற ஜைனர் வீட்டில் பகலிலேயே விளக்கேற்றிச் சமையல். தாளிப்புப் புகை போக வழியில்லை. வீட்டுக்காரிக்கு இழுப்பு வந்தபிறகுதான் புத்தி வந்து, கண்ணாடியைக் கழற்றினேன்.