சூரியக் காற்றும் ஒரு பத்திராதிபரின் நீதியும்

வால்வெள்ளியின் வால், அது வந்த வழியிலேயே பின்னால் நீண்டு கிடக்கும் என்று எண்ணுவோர் பலர். உண்மை அதுவன்று. வால்வெள்ளி சூரியனை நெருங்கினாலும் விலகினாலும் அதன் வால் சூரியனுக்கு எதிர்ப்புறமாகவே நீள்கிறது. விலகிச் செல்லுங்கால் வால் முன்னே போக, தலை பின்னே போகும் விந்தையும் நிகழ்கிறது. சூரியனிடமிருந்து நுண்துகள்கள் இடைவிடாது பாய்ந்து வாயு வாலைத் தள்ளுகின்றன என்று ஜெர்மானிய அறிஞர் லுட்விக் பியர்மன் 1951-இல் எழுதினார். ஒளியின் அழுத்தம் மட்டும் அதற்குப் போதாது என்பது அவர் கண்ட முடிவு.

ஆங்கிலேய அறிஞர் சிட்னி சாப்மனோ வேறொன்று கூறினார். முழுச் சூரிய கிரகணத்தின்போது நம் கண்ணுக்குப் புலப்படும் ஒளிமகுடம் பூமிக்கு அப்பாலும் பரவி, அசைவின்றி நிற்கிறது என்றார். ஒருவர் பாய்கிறது என்கிறார். மற்றவர் நிற்கிறது என்கிறார். இருவரும் கற்றுத் தேர்ந்தவர்கள்.

சிக்காகோ பல்கலைக்கழகத்தில் இளம் ஆசிரியராயிருந்த யூஜீன் பார்க்கர் இந்த முரண்பாட்டைக் கையிலெடுத்தார். ஒளிமகுடத்தின் வெப்பம் பத்து லட்சம் டிகிரிக்கும் மேற்பட்டது. தொலைவு கூடினாலும் அவ்வெப்பம் மெதுவாகவே குறைகிறது. சூரியனின் ஈர்ப்போ விரைந்து தளர்கிறது. அவ்வாறாயின், அவ்வாயுவை நிலையாக நிறுத்தி வைக்க வெளியே போதிய அழுத்தம் இருந்தாக வேண்டும். விண்வெளியில் அது இல்லை. ஆகவே ஒளிமகுடம் நிற்க இயலாது. சூரியனருகே மெல்லப் புறப்பட்டு, போகப் போக ஒலியின் வேகத்தையும் விஞ்சிப் பாய்ந்தே தீரும். சாப்மனின் ஒளிமகுடமும் பியர்மனின் துகள் வெள்ளமும் ஒரே பொருள்தான் என்பது பார்க்கரின் முடிவு. ‘சூரியக் காற்று’ என்னும் பெயரையும் அவரே வழங்கினார்.

இக்கட்டுரை ‘அஸ்ட்ரோபிசிக்கல் ஜர்னல்’ என்னும் ஆய்விதழுக்குச் சென்றது. மதிப்பிட்ட அறிஞர் இருவரும் அதனை நிராகரித்தனர். அவ்விதழின் பத்திராதிபர் சுப்பிரமணியன் சந்திரசேகர். தமிழ்க் குடும்பத்தில் தோன்றி, சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்றவர். அவருக்கும் பார்க்கரின் கருத்து உவப்பாயில்லை. எனினும், மதிப்பிட்டோர் தம் கணக்கில் பிழை எதனையும் காட்டவில்லையே என்று பார்க்கர் எடுத்துரைத்தபோது, சந்திரசேகர் அதனை ஏற்றார். கட்டுரை 1958-இல் அச்சேறியது.

கிதாபு ஓதும் மஜ்லிஸில் ஒரு மாணவர் ஆட்சேபம் எழுப்பினால், இபாரத்தின் எந்தச் சொல்லில் குறை என்று காட்டும்படி உஸ்தாது கேட்பது நம் மத்ரஸாக்களின் வழக்கம். ‘மனம் ஒப்பவில்லை’ என்பது அங்கே தலீல் ஆகாது. சந்திரசேகர் செய்ததும் அதுவே. மறுப்பவர்களோடு தம் மனமும் சேர்ந்திருக்கையில் அப்படிச் செய்வது எளிதன்று. 1935-இல் இலண்டனில், இறந்துபோகும் விண்மீன்களைப் பற்றிய அவருடைய கணக்கைப் பேரறிஞர் எடிங்டன் சபை நடுவே எள்ளி நகையாடினார். அக்கணக்கில் பிழையில்லை என்பதைப் பிற்காலம் காட்டியது. 1983-இல் நோபல் பரிசும் வந்தது. அந்த வடுவே அவருக்கு இந்நீதியைக் கற்பித்தது என்று அடித்துச் சொல்ல நாம் துணியோம். ஆனால் ஏளனம் மறுப்பாகாது என்பதை அவர் அறிந்திருந்தார்.

தீர்ப்பு விண்வெளியிலிருந்தே வந்தது. 1959-இல் சோவியத் நாட்டின் லூனா கலங்கள் முதற் குறிப்புகளைத் தந்தன. 1962-இல் வெள்ளிக் கோளை நோக்கிச் சென்ற அமெரிக்காவின் மரினர்-2 சூரியக் காற்றை வழி நெடுகிலும், பல மாதங்கள், இடைவிடாது அளந்தது. அதன் வேகம் வினாடிக்குச் சில நூறு கிலோமீட்டர். அதன்பின் வழக்கு முடிந்தது.

சூரியன் சுழல்வதால் அக்காற்று இழுத்துச் செல்லும் காந்தக் கோடுகள், சுழலும் தோட்டக் குழாயின் நீர்த்தாரை போல் வளைகின்றன. அவ்வளைவு ‘பார்க்கர் சுருள்’ எனப்படுகிறது. சூரியனின் காந்தம் எவ்வாறு பிறக்கிறது என்பது பற்றி அவர் 1955-இலேயே எழுதியிருந்தார். 1979-இல் வெளிவந்த அண்டத்துக் காந்தப்புலங்கள் பற்றிய அவரது பெருநூல் அத்துறையினருக்கு இன்றும் ஆதார நூல். இந்தியாவின் ஆதித்யா எல்-1 கலமும் (2023) சூரியக் காற்றை அளக்கும் கருவிகளைச் சுமந்தே சென்றது.

2018 ஆகஸ்ட் 12-ஆம் நாள் அமெரிக்கா சூரியனை நோக்கி அனுப்பிய கலத்துக்குப் பார்க்கரின் பெயரே சூட்டப்பட்டது. உயிரோடிருக்கும் ஒருவரின் பெயரை நாசா தன் கலமொன்றுக்கு இட்டது அதுவே முதன்முறை. 91 வயதில் அவர் நேரில் நின்று அது புறப்படுவதைக் கண்டார். 2021 ஏப்ரலில் அக்கலம் ஒளிமகுடத்தின் எல்லைக்குள் நுழைந்தது. 2022 மார்ச்சில் பார்க்கர் மறைந்தார். 2024 டிசம்பர் 24 அன்று அது சூரியப் பரப்பிலிருந்து ஏறத்தாழ 61 லட்சம் கிலோமீட்டர் தொலைவில் கடந்து சென்றது.

சூரியனின் மேற்பரப்பு 6,000 டிகிரிக்குள் இருக்க, மேலுள்ள ஒளிமகுடம் அத்தனை கொதிப்பதேன்? காந்தக் கோடுகள் பின்னி முறுகி எண்ணற்ற சிறு வெடிப்புகளாய் அவிழ்வதே காரணம் என்று பார்க்கர் 1988-இல் ஒரு விடை எழுதினார். அதற்கு ஆதரவாளரும் உண்டு, மறுப்பாளரும் உண்டு, அளவீடுகள் தொடர்கின்றன.