கடல் தாண்டிய காலரா – 9: ஊசி எட்டாத குடல்

ஹாஃப்கின் தான் உருவாக்கிய காலராத் தடுப்பூசியை 1892 ஜூலையில் பாரிசில் தன் உடம்பிலேயே குத்திக்கொண்டதையும், மறு ஆண்டு கல்கத்தாவில் வந்து இறங்கியதையும் சென்ற வாரம் பார்த்தோம். 1894இல் அந்நகரின் காட்டல் பகான் சேரியில் 116 பேர் அவரிடம் ஊசி போட்டுக்கொண்டார்கள். பிறகு அங்கே காலரா வந்தபோது அந்த 116 பேரில் ஒருவரையும் அது தொடவில்லை. ஊசி ஜெயித்துவிட்டது என்று ஊரே நம்பியது.

அந்த நம்பிக்கை நம் சேது சீமைக்கும் வந்தது. சிக்கல், கடலாடி, சாயல்குடிப் பக்கம் அன்று குடிக்க ஊரணித் தண்ணீரை விட்டால் வேறு கதியில்லை. ஒரு வீட்டில் வாந்திபேதி கண்டால் தெருவே நடுங்கும். ராமேசுவரத்துக்கு வடக்கேயிருந்து யாத்திரிகர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். 1914இல் பாம்பன் பாலம் திறந்தபின், இலங்கைத் தோட்டங்களுக்குப் போகும் கூலி ஜனங்களும் தனுஷ்கோடி வழியாகப் போனார்கள். அவர்களைக் கப்பலேற்றும் முன் மண்டபம் முகாமில் நிறுத்திவைத்தார்கள். காலரா கடல் தாண்டிவிடக் கூடாதே என்ற பயம்.

திருவிழாக் காலத்தில் காலரா ஊசி போட்டுக்கொண்டு, கை வீங்கி, காய்ச்சலில் கிடந்தவர்கள் எத்தனையோ பேர். அந்த வேதனைக்குக் கிடைத்த பலன் என்ன? பாதிப் பேருக்குத்தான் பாதுகாப்பு. அதுவும் சில மாதங்களுக்கு மட்டும். பின்னாளில் முறையாகச் சோதித்துப் பார்த்தபோது தெரிந்த உண்மை இது. ஏன் அப்படி?

விடைக்கான ஒரு தடயம் சிகாகோவில், கினிப்பன்றிகளிடம் கிடைத்தது. 1947இல் வில்லியம் பரோஸும் அவரது குழுவினரும் அவற்றுக்குத் தடுப்பூசி போட்டு, பிறகு குடலில் காலராக் கிருமியை ஏற்றிப் பார்த்தார்கள். ரத்தத்தை மட்டும் சோதித்திருந்தால் ஏமாந்திருப்பார்கள். அவர்கள் புழுக்கையையும் சோதித்தார்கள். ரத்தத்தில் எதிர்ப்புப் பொருள் நிறைந்திருந்தாலும் அதை நம்பிப் பயனில்லை. குடலுக்குள் சுரந்து புழுக்கையோடு வெளிவரும் எதிர்ப்புப் பொருள் இருந்தால்தான் பிராணி தப்பியது. அந்தச் சுரப்போ சீக்கிரமே வற்றிவிட்டது.

காலராக் கிருமி ரத்தத்தில் புகுவதே இல்லை. சிறுகுடலின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டு அங்கேயே பெருகுகிறது. கையில் போட்ட ஊசியோ ரத்தத்துக்குக் காவல் வைத்தது. திருடன் கொல்லைப்புறத்தில் நிற்க, வாசலில் காவல்!

ஆனால் குடல் சுவரில் ஒட்டியிருக்கும் ஒரு கிருமி, ரத்தத்தில் கலக்காமலே ஓர் ஆளை ஒரே நாளில் எப்படிக் கொல்கிறது?

கல்கத்தாவில் சம்புநாத் டே என்ற வங்காள மருத்துவர் இதற்கு விடை தேடினார். மயக்கிய முயலின் வயிற்றைத் திறந்து, சிறுகுடலின் ஒரு துண்டை இருபுறமும் நூலால் கட்டினார். கட்டுகளுக்கு நடுவே காலராக் கிருமியைச் செலுத்தி வயிற்றைத் தைத்தார். மறுநாள் திறந்தால், கட்டிய துண்டு மட்டும் விம்மிப் புடைத்திருந்தது. உள்ளே கழுநீர் போன்ற திரவம். காலரா நோயாளி கழிக்கும் அதே நீர். 1953இல் இதை வெளியிட்டார்.

டே அதோடு நிற்கவில்லை. கிருமி வளர்ந்த திரவத்தை, ஒரு கிருமிகூடத் தங்காதபடி வடிகட்டினார். கிருமியே இல்லாத அந்த நீரை மட்டும் இன்னொரு முயலின் குடலில் செலுத்தினார். கொல்வது கிருமியா, அது விட்டுச்சென்ற வேறொன்றா? மறுநாள் அந்த முயலின் வயிற்றில் டே கண்டதை அடுத்த வாரம் சொல்கிறேன்.

(தொடரும்)