குற்றவாளிக்கு 90, சுற்றவாளிக்கு 135

எங்கள் வீட்டில் பிரெஞ்சுக் கடிதம் வந்தால் அது நேராக என் மேசைக்குத்தான் வரும். உங்களில் பலருக்கும் இந்த உத்தியோகம் இருக்கும், சம்பளம் இல்லாத உத்தியோகம். வந்தது அமோந்த் என்றால், அதாவது தண்டப்பணக் கடிதம் என்றால், அப்பா இரண்டே கேள்வி கேட்பார்: "எவ்வளவாம்? எத்தினையாம் திகதிக்குள்ள கட்ட வேணுமாம்?" நான் முன்பக்கத்தில் தேடிச் சொல்வேன். பின்பக்கத்தை ஒருநாளும் வாசித்ததில்லை. அந்தப் பின்பக்கத்தில் என்ன இருந்தது, அதற்கு உண்மையான பெறுமதி வருவதற்கு யார் யார் எங்கெங்கே வழக்காடினார்கள் என்பதை நான் படித்தது மிகவும் பிந்தித்தான்.

முதலில் கமராவின் கதையைச் சொல்கிறேன், அது வேடிக்கையானது. வீதியில் வேகம் பிடிக்கும் கருவிக்குப் பேர்போன கற்சோ நிறுவனத்தைத் தொடங்கியவர் மொறிஸ் கற்சோனிடஸ். 1911 இல் ஜாவாவில் பிறந்த ஒல்லாந்தர், காரோட்டப் பந்தய வீரர், 1953 இல் மொன்ரே கார்லோ பந்தயத்தில் முதலிடம் பெற்றவர். வளைவுகளில் தான் இன்னும் எவ்வளவு வேகமாகப் போகலாம் என்று அளந்து பார்க்கத்தான் அவர் அந்தக் கருவியைச் செய்தார். பொலிஸார் அதை எதிர்ப்பக்கமாகப் பயன்படுத்தினார்கள்.

பிரான்சில் கதை சோகத்திலிருந்து தொடங்குகிறது. 1972 இல் இந்த நாட்டு வீதிகளில் இறந்தவர்கள் 18,000 பேருக்கு மேல். 2002 இலும் அந்தத் தொகை 7,000ஐத் தாண்டியிருந்தது. அந்த வருடம் ஜூலை 14 தொலைக்காட்சிப் பேட்டியில் ஜனாதிபதி ஜாக் சிராக், தன் பதவிக்காலத்தின் மூன்று பெரிய வேலைகளில் ஒன்று வீதிப் பாதுகாப்பு என்றார். 2003 ஜூன் 12 இல் சட்டம் வந்தது. அதே வருடம் ஒக்டோபர் 27 இல், எசோன் மாவட்டத்தில் லா வில் து புவா என்ற ஊரில், 20ஆம் இலக்கத் தேசிய வீதியோரம், முதலாவது தானியங்கி றடாரை உள்துறை அமைச்சர் நிக்கோலா சார்க்கோசியும் போக்குவரத்து அமைச்சர் ஜில் து ரொபியானும் திறந்துவைத்தார்கள். பாரிசிலிருந்து தெற்கே பொருட்கள் ஏற்றி இறக்கும் எங்கள் ஆட்களுக்கு அந்த வீதி நன்றாகத் தெரியும். 2010 இல் வீதி மரணங்கள் 4,000க்குக் கீழே வந்தன. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் றடாருக்கு எதிரி இல்லை.

ஆனால் றடாருக்கு ஒரு குறை உண்டு. வீதியில் பொலிஸ் மறித்தால் முகத்துக்கு முகம் பேசலாம். "இது என்ர வாகனம் இல்லை, மச்சானின்ரை" என்று சொல்லலாம். கமரா மனிதரைப் பார்ப்பதில்லை, இலக்கத்தகட்டைப் பார்க்கிறது. தகட்டிலிருந்து பெயரைக் கணினி எடுத்துக்கொடுக்கிறது. அப்படியானால் ஓடியது யார்? இந்தக் கேள்விக்குப் பிரெஞ்சுச் சட்டம் ஒரு குறுக்குவழி கண்டுபிடித்தது. ஓடியவர் யாரென்று தெரியாவிட்டால், கார்த் கிறிசில் யாருடைய பெயர் இருக்கிறதோ அவர் பணத்தைக் கட்ட வேண்டும். வாகனம் களவுபோனது என்றோ, ஓடியது தான் இல்லை என்றோ காட்டவேண்டியது அவருடைய பொறுப்பு. வீதிச் சட்டக் கோவையின் 121-3ஆம் பிரிவு இது.

லாச்சப்பலில் வளர்ந்தவர்களுக்கு இது எங்கே இடிக்கும் என்று விளங்கும். கார் ஒருவரின் பெயரில் இருக்கும், ஓடுவது நாலு பேராக இருக்கும். கடைக்கு மரக்கறி ஏற்றும் வான், கோயில் திருவிழாவுக்கு இரவல் போகும் வான், வாங்கியவர் இன்னும் பெயர் மாற்றாத பழைய வான். இன்னொரு வகையும் உண்டு. உங்கள் காரைப் போலவே ஒரு காருக்கு உங்கள் இலக்கத்தையே அடித்து ஒட்டிக்கொண்டு யாரோ ஓடுவார். பிரெஞ்சில் அதற்கு டுப்ளெத் என்று பெயர். பிடிபட்டால் ஏழு வருடம் வரை சிறை, 30,000 யூரோ வரை தண்டம். ஆனால் அவர் பிடிபடும்வரை கடிதம் உங்கள் வீட்டுக்குத்தான் வரும், நீங்கள் ஒருநாளும் போகாத ஊரின் பெயரோடு.

சரி, பிழையான கடிதம் வந்துவிட்டது. என்ன செய்யலாம்?

இங்கேதான் தலைப்பில் உள்ள கணக்கு வருகிறது. வழக்கமான தொகை 135 யூரோ. சீக்கிரம் கட்டினால் 90. கட்டாமல் விட்டால் 375. ஆனால் "நான் செய்யவில்லை" என்று சொல்ல விரும்பினால், பல சந்தர்ப்பங்களில் முதலில் 135 யூரோவை வைப்புப் பணமாகக் கட்டிவிட்டுத்தான் வாய் திறக்கலாம். எங்கள் ஊர் நீதிமன்றத்தில் குற்றம் செய்யாதவரைச் சுற்றவாளி என்பார்கள். ஆக, குற்றவாளி 90 யூரோவோடு வீட்டுக்குப் போகலாம், சுற்றவாளி 135ஐ மேசையில் வைக்க வேண்டும். பொறியியல் படித்தவனுக்கு இந்தச் சூத்திரம் பிழையாகத் தெரிந்தது. ஆனால் அதை எழுதியவர்களின் நோக்கம் தெளிவானது: இலட்சக்கணக்கான கடிதங்களுக்கும் பதில் முறையீடு வந்து குவிந்தால் நீதிமன்றங்கள் தாங்காது.

இன்னொரு பொறியும் இருந்தது. தண்டப்பணத்தைக் கட்டினால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகச் சட்டம் எடுத்துக்கொள்கிறது. பெர்மியில் புள்ளியும் போகும். 1992 ஜூலையில் புள்ளி முறை வந்தபோது லொறிச் சாரதிகள் நாடு முழுக்க வீதிகளை மறித்ததற்குக் காரணம் இருந்தது. புள்ளியெல்லாம் முடிந்தால் வேலையும் முடிந்தது. ஆனால் எங்கள் பெற்றோருக்குக் "கட்டுறது" என்றால் கட்டுறதுதான். தண்டமாகக் கட்டுவது, வைப்பாகக் கட்டுவது என்று இரண்டு கட்டுதல் இருக்கிறது, ஒன்று கதையை முடிக்கும், மற்றது கதையைத் தொடங்கும் என்று அவர்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தது? வழக்கு, நீதிமன்றம் என்ற சொற்களே அவர்களுக்குப் பயம். "கோட்டுக்குப் போனால் நசனலித்தே கிடையாது" என்று யாரோ தேத்தண்ணிக் கடையில் சொன்னது சட்டத்தைவிடப் பலமாக இருந்தது. அதனால் பேசாமல் 90 யூரோ.

பேசாமல் இருக்காத இரண்டு பேரின் வழக்குகள் ஸ்ட்ராஸ்பூர்க்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் வரை போயின. செலிஸ் எதிர் பிரான்ஸ், கதேன் எதிர் பிரான்ஸ். இரண்டிலும் றடார் கடிதம்தான். இருவரும் வைப்புப் பணம் கட்டி, படிவம் நிரப்பி மறுத்தார்கள். அந்த மறுப்பு முதலில் போய்ச் சேருவது நீதவானிடம் அல்ல, அரச வழக்குத் தொடுநரின் வேலையைச் செய்யும் ஒரு பொலிஸ் அதிகாரியிடம். படிவம் ஒழுங்காக நிரப்பப்பட்டிருக்கிறதா, காரணம் எழுதப்பட்டிருக்கிறதா என்று மட்டும் பார்ப்பதுதான் அவருடைய அதிகாரம். காரணம் சரியா பிழையா என்பது நீதவானின் வேலை. ஆனால் இந்த இரண்டிலும் கோப்பு அவரோடு நின்றுவிட்டது, ஏற்க முடியாது என்று பதில் வந்தது. அதற்கு மேலே நடந்ததைக் கவனியுங்கள்: வைப்பாகக் கட்டிய பணம் தண்டமாக மாற்றப்பட்டது. தண்டம் கட்டியாயிற்று, ஆகவே வழக்கு முடிந்தது. நான் செய்யவில்லை என்று சொல்வதற்காகக் கொடுத்த பணமே ஒப்புதல் வாக்குமூலமாகிவிட்டது.

2012 மார்ச் 8 இல் நீதிமன்றம் இரண்டிலும் பிரான்சுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. மனித உரிமைச் சாசனத்தின் 6ஆம் உறுப்புரை மீறப்பட்டது, நீதவானை அணுகும் உரிமையின் அடிப்படையே பாதிக்கப்பட்டது என்றது. விடயம் சில பத்து யூரோ. அதைக் காசு சின்னது என்று ஸ்ட்ராஸ்பூர்க் தள்ளிவிடவில்லை.

இரண்டாவது கதை எங்கள் வாசலுக்கே வருகிறது. லாச்சப்பல் பூல்வாரின் தலைக்கு மேலே 2ஆம் இலக்க மெற்றோ ஓடுகிறது. கீழே அந்தப் பூல்வார்தான் 10ஆம் வட்டாரத்துக்கும் 18ஆம் வட்டாரத்துக்கும் எல்லை. 2018 ஜனவரி 1 வரை வாகனம் நிறுத்தக் காசு கட்டாவிட்டால் நாடு முழுக்க ஒரே தண்டம், 17 யூரோ. அன்றிலிருந்து அந்தந்த நகரசபையே தொகையைத் தீர்மானிக்கலாம் என்றானது. பாரிஸ், 10ஆம் வட்டாரத்தில் 50 யூரோ, 18 இல் 35 என்று வைத்தது. ஒரே தெருவில் வலப்பக்கம் நிறுத்துவதா இடப்பக்கம் நிறுத்துவதா என்று கடைக்காரர்கள் கணக்குப் பார்த்த காலம் அது. கண்காணிப்புத் தனியாரிடம் போனது. இலக்கத்தகட்டை வாசிக்கும் கமரா பூட்டிய கார்கள் வலம்வரத் தொடங்கின. அந்த முதல் மாதங்களிலேயே ஒரு நிறுவனத்தின் ஊழியர்கள் செய்யாத சோதனையைச் செய்ததாகப் பதிந்தது வெளியே வந்து, செய்தியாகவும் அடிபட்டது.

இதை மறுக்க வேண்டுமென்றால் முதலில் நகரசபைக்கு ஒரு மாதத்துக்குள் முறையிட வேண்டும். அது சரிவராவிட்டால் லிமோஜ் நகரில் உள்ள சிறப்பு நீதிமன்றம், 2024 வரை அது ஆணைக்குழு. முழு நாட்டுக்கும் அது ஒன்றுதான். ஆனால் அப்போது அங்கே போவதற்கு முன் கேட்ட பணம் முழுவதையும் கட்டியிருக்க வேண்டியிருந்தது, தாமதத்துக்காகக் கூட்டிய தொகையையும் சேர்த்து. கார் களவுபோனவருக்கும், காரை விற்றுவிட்டவருக்கும், இலக்கம் திருடப்பட்டவருக்கும் அதே விதி. றடார் சட்டத்திலாவது களவு, இலக்கத் திருட்டு, வேறு சாரதியின் பெயரைக் கொடுத்தல் ஆகியவற்றுக்கு வைப்புப் பணம் வேண்டாம் என்று இருந்தது. இதில் அதுவும் இருக்கவில்லை. 2020 ஜனவரியில் உரிமைப் பாதுகாவலர் ஜாக் தூபோன் இந்த முறையின் குறைகளைப் பற்றித் தனி அறிக்கையே வெளியிட்டார்.

அதே வருடம் ஒரு பெண் தொடுத்த வழக்கு அரசியலமைப்புச் சபைக்குப் போனது. செப்டெம்பர் 9 இல் தீர்ப்பு, இலக்கம் 2020-855. தொகை எவ்வளவு உயரலாம் என்பதற்கும் வரம்பில்லை, சிலரின் விசேட நிலைமைக்கும் விலக்கில்லை. ஆகவே முதலில் கட்டு, பிறகு பேசு என்ற விதி அரசியலமைப்புக்கு முரண் என்று சபை சொன்னது. விதி உடனேயே செத்தது. அந்தத் தீர்ப்புக்குப் பிறகு லிமோஜுக்கு எழுத ஒரு சதமும் முன்னதாகக் கட்டத் தேவையிருக்கவில்லை.

றடாருக்கு அந்த அளவு விடுதலை கிடைக்கவில்லை, வைப்புப் பணம் இன்னும் இருக்கிறது. மறுப்பதற்கு 45 நாள். இணையத்திலும் செய்யலாம், பதிவுத் தபாலிலும், நாங்கள் சொல்லும் றெக்கொமொந்தேயிலும் செய்யலாம். கமரா எடுத்த படத்தை இலவசமாகக் கேட்கலாம், ஆனால் படம் வரும்வரை நாட்கள் நின்று காத்திராது. எக்காரணம் கொண்டும் முதலில் தண்டத்தைக் கட்டிவிட்டுப் பிறகு மறுக்காதீர்கள், அது முடிந்த கதை. இலக்கம் திருடப்பட்டிருந்தால் முதலில் பொலிஸில் முறைப்பாடு, அந்தப் பிரதியோடு படிவம். நீதவான் சுற்றவாளி என்றால் வைப்பு திரும்ப வரும். குற்றவாளி என்றால் குறைந்தது பத்து வீதம் கூடும். உங்கள் காரைத்தான் உண்மையில் கமரா பிடித்தது என்றால் 90ஐக் கட்டிவிட்டு வேலையைப் பாருங்கள்.

அப்பா எல்லாக் கடிதங்களையும் ஒரு கோப்பில் போட்டு வைத்திருக்கிறார். போன மாதம் எடுத்துப் பார்த்தேன். எது சரி, எது பிழை என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது. பின்பக்கத்துப் பெட்டி ஒன்றிலும் பேனா படவில்லை. முன்பக்கத்தில் மட்டும், ஒவ்வொன்றிலும், அப்பாவின் கையெழுத்தில் திகதியும் ஒரு சொல்லும்: கட்டியாச்சு.