தரைவேகச் சாதனை வாகனங்களின் பிறேக் அமைப்பு

தரைவேகச் சாதனை வாகனத்தை அளவெடுக்கும் மைலைக் கடந்தபின் நிறுத்துவதற்கான ஏற்பாடுகள். வேகம் இரு மடங்கானால் இயக்க ஆற்றல் நான்கு மடங்காகும். நிறுத்தும்போது அத்தனையும் எங்காவது வெப்பமாகிக் கரைய வேண்டும். அந்தச் சுமையைச் சில்லிலிருந்து காற்றுக்கு மெல்ல மெல்ல மாற்றியதே இத்துறையின் வரலாறு.

1927 மார்ச் 29இல் டேட்டோனா கடற்கரையில் ஹென்றி சீக்ரேவ் மணிக்கு 200 மைலை முதன்முதலில் கடந்தார். பிறேக் சூடேறிப் பயனற்றுப்போனதால், ஆழமற்ற கடல்நீருக்குள் காரைத் திருப்பித்தான் வேகத்தைக் குறைத்தார். அடுத்த பத்தாண்டில் மல்கம் கம்பெல், ஜோர்ஜ் ஐஸ்டன் ஆகியோரின் கார்களில் காற்றை எதிர்த்து விரியும் தகடுகள் வந்தன. டொனால்ட் கம்பெலின் புளூபேர்ட் அத்தகடுகளோடு கேர்லிங் தட்டு பிறேக்கையும் கொண்டிருந்தது. 1964 ஜூலையில் அவுஸ்திரேலியாவின் அயர் ஏரிப்படுகையில் அது மணிக்கு 648 கிலோமீற்றரைத் தாண்டியது.

ஜெட் யுகத்தில் பரசூட்டே முதன்மையானது. காற்றின் எதிர்ப்பும் வேகத்தின் இருமடிக்கேற்பக் கூடுவதால், சில்லு பிறேக் கருகிவிடும் வேகத்தில்தான் பரசூட் மிக வலுவாக இழுக்கும். ஆனால் அது அறுந்தால்? 1964 அக்டோபர் 15இல் பொனவில் உப்புவெளியில் கிரெய்க் பிரீட்லவ்வுக்கு அதுவே நேர்ந்தது. பரசூட்டுகள் கைவிட்டன, பிறேக் எரிந்துபோனது. கார் தந்திக்கம்பத்தை முறித்து, மேட்டைத் தாண்டி, உப்புநீர்க் குட்டையில் மூக்குக்குப்புற விழுந்தது. அவர் நீந்திக் கரையேறினார். மணிக்கு 847 கிலோமீற்றர் என்ற சாதனையும் நிலைத்தது!

சாதனைக்கான இரு திசை ஓட்டங்களையும் ஒரு மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும் என்பது விதி. 1997 அக்டோபர் 13இல் திரஸ்ட் எஸ்எஸ்சி கார் ஒலியின் வேகத்தைத் தாண்டியும், பரசூட் விரியாமல் எல்லை கடந்து ஓடியதால், ஏறக்குறைய ஒரு நிமிடத் தாமதத்தில் சாதனையை இழந்தது. இரண்டு நாள் கழித்து மணிக்கு 1,228 கிலோமீற்றரில் அதை எட்டியது.

இலங்கையில் இத்தகைய முயற்சிக்கு இடமில்லை. சாதனை முயற்சிக்கென உருவான பிளட்ஹவுண்ட் காருக்காகத் தென்னாபிரிக்காவின் ஹாக்ஸ்கீன் பான் வெளியில் துப்புரவாக்கிய தடம், வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்குப் போய்த் திரும்பும் தூரத்துக்குக் கிட்டத்தட்டச் சமம். கட்டுநாயக்க ஓடுபாதையோ 3,350 மீற்றர்தான். இங்குள்ள கட்டுக்குருந்த பந்தய ஓட்டங்களிலும் மஹகஸ்தொட்ட மலையேற்றத்திலும் பிறேக் வளைவுக்கு வளைவு உழைக்கிறது. சாதனை வாகனத்தில் அதற்கு ஓட்டத்துக்கு ஒரே முறைதான் வேலை, அதுவும் கடைசியில்.

பிளட்ஹவுண்டில் சில்லு பிறேக்கை மணிக்கு ஏறக்குறைய 320 கிலோமீற்றருக்குக் கீழேதான் மிதிப்பது. ஆயினும் உச்ச வேகத்தில் சில்லு நிமிடத்துக்கு 10,000 முறைக்கு மேல் சுழலும் என்று கணக்கிட்டதால், சும்மா சுழலும் தட்டும் அதைத் தாங்க வேண்டியிருந்தது. போர்விமானத்திலிருந்து எடுத்த கார்பன் தட்டு சோதனையில் சிதறியது. வடிவமைப்பாளர்கள் எஃகுக்கு மாறினர். 2019 நவம்பரில் அந்தக் கார் மணிக்கு 1,010 கிலோமீற்றரைத் தொட்டது.