யுனிக்ஸ் மெய்யியல்

யுனிக்ஸ் மெய்யியல் என்பது யுனிக்ஸ் இயக்குதளத்தை உருவாக்கியவர்கள் பின்பற்றிய மென்பொருள் வடிவமைப்பு அணுகுமுறை ஆகும். ஒரு நிரல் ஒரு வேலையை மட்டும் செய்ய வேண்டும், அதைச் செம்மையாகச் செய்ய வேண்டும், பிற நிரல்களுடன் எளிதில் இணைய வேண்டும் என்பன இதன் அடிப்படைக் கருத்துகள். இங்கு எளிமை எனப்படுவது வசதிக் குறைவு அன்று. ஒரு நிரல் மற்றொரு நிரலைப் பற்றி அறிந்திருக்க வேண்டியவற்றைக் குறைப்பதே ஆகும்.

வரலாறு

1960களில் எம்.ஐ.டி., ஜெனரல் எலக்ட்ரிக், பெல் ஆய்வகம் ஆகியவை இணைந்து மல்டிக்ஸ் என்னும் இயக்குதளத்தை உருவாக்க முனைந்தன. பணி மிக விரிந்து நீண்டுகொண்டே சென்றதால் 1969இல் பெல் ஆய்வகம் விலகியது. அத்திட்டத்தில் பணியாற்றிய கென் தாம்சன், அதே ஆண்டில் பிடிபி-7 என்னும் சிறு கணினியில் யுனிக்ஸின் முதல் வடிவத்தை எழுதினார். டென்னிஸ் ரிட்ச்சி முதலியோர் அவருடன் இணைந்தனர். அக்கணினியின் நினைவகம் மிகச் சிறியது. எனவே நிரல்களும் சிறியனவாக இருக்க வேண்டியிருந்தது.

நிரல்களைத் தோட்டத்து நீர்க்குழாய்களைப் போல ஒன்றோடொன்று பொருத்தும் வழி வேண்டும் என்று டக் மெக்கில்ராய் 1964இலேயே எழுதியிருந்தார். 1973இல் தாம்சன் அதனை யுனிக்ஸில் செயற்படுத்தினார். இவ்வசதி 'குழாய்' எனப்படுகிறது. ஒரு நிரலின் வெளியீடு இதன் வழியே அடுத்த நிரலின் உள்ளீடாகச் செல்கிறது.

எடுத்துக்காட்டு

ஓர் உரையில் மிகுதியாக வரும் சொற்களைப் பட்டியலிடும் நிரலை டொனால்ட் குனுத் எழுதினார். அது 1986இல் கம்யூனிகேஷன்ஸ் ஆஃப் தி ஏ.சி.எம். இதழில் பல பக்கங்களில் வெளிவந்தது. அதனைத் திறனாய்வு செய்த மெக்கில்ராய், அதே வேலையை ஆறு கட்டளைகளில் செய்து காட்டினார்.

1. எழுத்து அல்லாதவற்றை நீக்கி, ஒவ்வொரு சொல்லையும் தனி வரியில் இடுதல்
2. பெரிய எழுத்துகளைச் சிறிய எழுத்துகளாக மாற்றுதல்
3. அகரவரிசைப்படுத்துதல்
4. அடுத்தடுத்து வரும் ஒரே சொற்களை எண்ணுதல்
5. எண்ணிக்கையின் இறங்குவரிசையில் அடுக்குதல்
6. வேண்டிய அளவு வரிகளைக் காட்டி நிறுத்துதல்

இவற்றுள் முதல் இரண்டையும் ஒரே நிரல் செய்கிறது. மூன்றாவதையும் ஐந்தாவதையும் செய்வதும் ஒரே நிரலே. ஆக, பயன்பட்டவை நான்கு நிரல்கள் மட்டுமே. அவற்றுள் எதுவும் சொற்களை எண்ணும் இவ்வேலைக்கென எழுதப்பட்டதன்று. எனினும், குனுத்தின் நோக்கம் நிரலை ஒரு கட்டுரை போல விளக்கி எழுதும் முறையைக் காட்டுவதாக இருந்ததால், இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிடுவது முழுமையாகப் பொருந்தாது.

குறைகள்

மேற்கண்ட கட்டளைகள் ஆங்கில நெடுங்கணக்கின் 26 எழுத்துகளை மட்டுமே எழுத்துகளாகக் கொள்கின்றன. தமிழ் உரையை உள்ளிட்டால் ஒரு சொல்லும் கிடைக்காது. எளிய நிரலுக்குள்ளும் இத்தகைய மறைமுக எடுகோள்கள் இருக்கக்கூடும்.

1992இல் தாம்சனும் ராப் பைக்கும் யு.டி.எஃப்-8 குறியேற்றத்தை வடிவமைத்தனர். இதில் ஆங்கில எழுத்து முன்போலவே ஒரு பைட்டாக இருக்கும். தமிழ் எழுத்துக்குரிய ஒவ்வொரு குறியும் மூன்று பைட்டுகளாக அமையும். இதனால் உரையைப் பிரிக்காமல் அப்படியே கடத்தும் பழைய நிரல்கள் பல, மாற்றமின்றித் தமிழையும் கையாண்டன. எழுத்து எழுத்தாகப் பிரித்து ஆராயும் நிரல்களையோ திருத்த வேண்டியிருந்தது.

இவற்றையும் பார்க்க

- மல்டிக்ஸ்
- சி நிரலாக்க மொழி
- ஒருங்குறி