கவிஞர்களும் தொண்டர் படையும்

மொழிக்காகக் கூடியவர்களின் கையில் துப்பாக்கி வந்த கதைகள் வரலாற்றில் சில உண்டு. அவற்றுள் கவிஞர்களாகிய நாம் ஊன்றிப் படிக்கத்தக்கது அயர்லாந்துத் தொண்டர் படையின் கதை.

1893 இல் டப்ளினில் தோன்றிய கேலிக் சங்கம் அரசியல் பேசாத மொழிச் சங்கம். மாலை வகுப்பு, பாட்டு, நடனம், ஓர் இதழ், அவ்வளவே. அதன் நிறுவனர்களுள் ஒருவர் வரலாற்றுப் பேராசிரியர் ஓன் மக்னீல். வடக்கே தன்னாட்சியை எதிர்த்தோர் படை திரட்டியது கண்டு, நாமும் திரட்டலாமே என்று 1913 நவம்பரில் சங்க இதழில் அவர் ஒரு கட்டுரை எழுதினார். அம்மாதம் 25 ஆம் நாளே படை அமைந்தது. அவரே அதன் தலைவரானார். மறு ஆண்டு ஜூலையில் 900 துப்பாக்கிகளைப் பாய்மரப் படகில் ஹௌத் துறைமுகத்திற்குக் கொண்டுவந்து சேர்த்தவர் எர்ஸ்கின் சில்டர்ஸ். அவரும் ஒரு நாவலாசிரியர்!

படையில் சேர்ந்த கவிஞர்களுள் மூவர் முதன்மையானவர்கள்: பாட்ரிக் பியர்ஸ், தாமஸ் மக்டோனா, ஜோசப் பிளங்கெட். பியர்ஸ் ஐரிஷ் வழியில் பள்ளி நடத்தியவர். அப்பள்ளியின் நிதிக்காக 1913 மே மாதம் டப்ளினின் அப்பே அரங்கில் மேடையேறிய நாடகங்களுள் ஒன்று நம் தாகூரின் 'அஞ்சல் நிலையம்' என்பது பலர் அறியாத செய்தி. சாகும் சிறுவனைப் பற்றிய அந்நாடகத்தை வரவேற்ற அதே மனிதர், 1915 இல் போர்க்களக் குருதியை வாழ்த்தி எழுதினார். இவ்விரண்டையும் ஒரே நெஞ்சில் பொருத்திப் பார்ப்பது எளிதன்று.

படைக்குள்ளேயே இயங்கிய ஓர் இரகசியக் குழு, தலைவருக்குத் தெரியாமல் எழுச்சிக்கு நாள் குறித்தது. மூன்று கவிஞர்களும் அக்குழுவினரே. ஐயுற்ற மக்னீல் 1916 பிப்ரவரியில் ஒரு குறிப்பு வரைந்தார். நாடு என்பது கவிதைக் கற்பனை அன்று. நம்மை அழைக்கும் 'கரிய ரோஜா' என்றொரு பெண் எங்கும் இல்லை. வெற்றிக்கு வழியின்றி எழுந்து ஒருவரைக் கொன்றாலும் அது கொலையே என்பது அதன் சாரம். நாட்டைத் தாயாகப் பாடிப் பழகிய நமக்கு இது கசக்கும். ஆயினும் அக்காலத்து எழுத்துகளுள் துணிவு மிக்கது இதுவே என்பது என் கருத்து.

ஜெர்மானிய ஆயுதக் கப்பல் தொலைந்ததும், ஏப்ரல் 23 ஆம் நாள் செய்தித்தாள் வாயிலாகவே எல்லா அணிவகுப்புகளையும் அவர் தடுத்தார். கவிஞர்கள் மறுநாளே எழுந்தனர். ஆறு நாளில் டப்ளினின் நடுப்பகுதி எரிந்தது. இறந்தோர் ஏறத்தாழ 485 பேர். அவர்களுள் பாதிக்கு மேல் பொதுமக்கள், 40 பேர் சிறுவர் சிறுமியர்.

மே 3 ஆம் நாள் பியர்ஸும் மக்டோனாவும் சுடப்பட்டனர். அன்றிரவு சிறைக் கோயிலில் திருமணம் செய்துகொண்ட பிளங்கெட் மறுநாள் சுடப்பட்டார். மக்கள் மனம் மாறியது இந்தச் சாவுகளால்தான்; எழுச்சியால் அன்று. மக்டோனாவுக்காக இரங்கற்பா பாடிய பிரான்சிஸ் லெட்விட்ஜும் முன்னாள் தொண்டரே. ஆனால் அப்போது அவர் அணிந்திருந்தது ஆங்கிலேயச் சீருடை. 1917 ஜூலை 31 அன்று பெல்ஜியப் போர்க்களத்தில் அவரும் மாண்டார்.

எழுச்சியைத் தடுத்த மக்னீலுக்கும் ஆயுள் தண்டனை கிடைத்தது. டார்ட்மூர் சிறையில் அவர் படியிறங்கி வந்தபோது, எழுச்சியில் படை நடத்திய டிவலேரா வரிசையிலிருந்து முன்வந்து, அவருக்கு வணக்கம் செலுத்துமாறு கைதிகளுக்கு ஆணையிட்டார்.