அந்த ‘பாதி’ யார் சொன்ன கணக்கு?

கம்ப்யூட்டர்களுக்கு நெட்வொர்க் வழியே நேரம் சொல்லும் என்டிபி-யில் நேரத்தைக் கேட்டு வாங்குவது சுலபம்தான். அது நம்மிடம் வந்து சேர எவ்வளவு நேரமாச்சு? அங்கேதான் சிக்கல்.

1980களின் தொடக்கத்தில் டேவிட் மில்ஸின் ‘ஃபஸ்பால்’ கணினிகள் தாமதம் குறைந்த வழியாகப் பார்த்து பாக்கெட்டை அனுப்பின. தாமதத்தை அளக்கணும்னா கடிகாரங்கள் ஒத்துப்போகணும். அவற்றில் சில ஓடியதோ கரண்ட் லைனின் 60 ஹெர்ட்ஸை நம்பி!

1985 செப்டம்பரில் ஆர்எஃப்சி 958-ஆக என்டிபி வந்தது. கேள்வி கிளம்பிய நேரம், சர்வரைச் சேர்ந்த நேரம், பதில் கிளம்பிய நேரம், திரும்பி வந்த நேரம். இந்த நான்கிலிருந்து போய்வர ஆன மொத்தத் தாமதம் கிடைத்துவிடும். போக பாதி, வர பாதி என்று வைத்துக்கொள்வார்கள்.

இந்தப் ‘பாதி’ வெறும் அனுமானம். கேள்வி செயற்கைக்கோள் வழியே 250 மில்லிசெகண்டில் போய், பதில் தரைவழியே 20-ல் வந்தால் கடிகாரம் 115 மில்லிசெகண்ட் தப்பாக நிற்கும். அந்த நான்கு எண்களை எப்படிப் புரட்டினாலும் பிழை தெரியாது. பிழை மொத்தத் தாமதத்தில் பாதியைத் தாண்டாது என்று மட்டும் சொல்லலாம். அதனால்தான் மில்ஸ் பல சர்வர்களைக் கேட்டு, ஒட்டாததை ஒதுக்கி, தாமதம் குறைந்த பதிலை அதிகம் நம்ப வைத்தார். என்னைக் கேட்டால், அவருடைய உண்மையான சாதனை இந்தச் சந்தேகம்தான்.

2002-ல் வந்த பிடிபி, நேர முத்திரையை ஹார்டுவேரிலேயே குத்தவும் வழி செய்தது. ‘பாதி’ அங்கேயும் உண்டு. செர்னில் பிறந்த ‘ஒயிட் ராபிட்’ ஒரே ஃபைபரில் இரு திசையையும் வெவ்வேறு அலைநீளத்தில் அனுப்பி, இரண்டுக்கும் உள்ள வேக வித்தியாசத்தையும் கணக்கில் கழிக்கிறது; பிழை ஒரு நானோசெகண்டுக்கும் கீழே.